வெள்ளை அடித்த கற்கள்

என் வலது கையில் நடுவிரல் முட்டி கொஞ்சம் உள்ளே அமுங்கியிருக்கும். சந்தையில் என்னோடு யாவாரம் பேச உட்காருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, லாரிக் கதவில் நசுங்கியதா என்று கேட்பார்கள். இல்லை. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்த ஒரு பெரிய கிளாக்கரின் முன்பல்லில் மோதி அமுங்கியது. அவருக்குப் பல் போனது, எனக்கு முட்டி போனது. அதில் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்றைக்கு வெலிமடையிலிருந்து கொழும்புக்கு உருளைக்கிழங்கும் லீக்சும் ஏற்றிக்கொண்டு போகிற லாரிகளில் சிலவற்றின் நெற்றியில் என் பிள்ளைகளின் பெயர் எழுதியிருக்கிறது. மாடி வைத்து வீடு கட்டியிருக்கிறேன். யாரும் எனக்குக் கையில் எடுத்துக் கொடுத்தது கிடையாது. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லாரி கிளீனராக ஏறினேன். டிரைவரின் காலையும் கையையும் பார்த்துப் பார்த்தே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அந்த மலையில் இறங்குகிற வளைவுகளை ஒரே ஒடிப்பில் திருப்ப அந்தக் காலத்தில் என்னைத் தவிர இன்னொருவன் இல்லை. பெருமை அடிக்கிறான் என்பார்கள். அடிக்கிறேன், அதிலென்ன. வளைவு அங்கேதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

நான் சொல்ல வருவது அறுபதுகளின் கடைசியில், தோட்டங்களை அரசாங்கம் எடுக்காத காலத்தில் நடந்தது. பங்களாவில் பெரிய துரை. அவருக்குக் கீழே சின்ன துரை. ஆபீசில் பெரிய கிளாக்கர். மலையில் கணக்கப்பிள்ளை, அவருக்குக் கீழே கங்காணி. எல்லாருக்கும் கீழே நாங்கள். மேலேயிருந்து ஒரு பேச்சு புறப்பட்டால் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு அதில் ஒரு பிடி சேர்ப்பார்கள். ஒருநாள் பெரிய துரை, ஆபீஸ் கூரையில் காக்கை கத்துகிறது என்று சும்மா சொன்னார். சின்ன துரை வாயில் அது, காக்கையை விரட்ட வேண்டும் என்று ஆனது. கிளாக்கர் வாயில், காக்கை உட்காருகிற மரமே இருக்கக் கூடாது என்று ஆனது. மத்தியானத்துக்குள் ஆபீஸ் பின்னாலிருந்த நல்ல பலாமரம் பிஞ்சும் காயுமாக விழுந்து கிடந்தது. துரை வந்து, மரத்தை யார் வெட்டச் சொன்னது என்று கேட்டார். ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இருந்தவனைக் காட்டினார்கள். கடைசியில் கங்காணிக்கு அன்றைக்கு அரைச் சம்பளம் போனது. காக்கை அதே கூரையில் உட்கார்ந்து கத்தியது.

எனக்கு வாய்த்ததெல்லாம் தூக்குகிற வேலை. ரோஜாத் தொட்டிகளை ஆபீஸ் வாசலிலிருந்து பங்களாவுக்கு ஏற்று என்பார் பெரிய கிளாக்கர். ஏற்றி இறக்கிவிட்டு வந்தால், திரும்பக் கொண்டுவா என்பார். ஒருதடவை கேட்டுவிட்டேன்.

"ஐயா, காலையில இங்கேருந்துதானே கொண்டுபோனேன். எதுக்குங்க மறுபடியும்?"

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. "லாரிக்கு மூளை இருக்கா?"

"இல்லைங்க."

"ஓட்டுறவனுக்கும் தேவையில்ல. போ."

ஆபீசுக்குள் இருந்த சின்ன கிளாக்கர்கள் சிரித்தார்கள். நான் வெளியே வந்து லாரி டயரை உதைத்த உதையில் என் பெருவிரல் நகம் பெயர்ந்தது. அடி கையில் ஊறிக்கொண்டே இருந்தது அந்த வருஷமெல்லாம். கிளாக்கரின் கழுத்துப்பட்டியைப் பிடித்து மேசைக்கு இந்தப் பக்கம் இழுப்பது போல ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ஓட்டிக்கொண்டு திரிந்தேன்.

கம்பெனிக்காகத் தோட்டத்தைப் பார்வையிடக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவார். அவரை நாங்கள் வீயே துரை என்போம். அவர் வருகிறார் என்றால் பெரிய துரையே கணக்குப் புத்தகங்களை இரண்டுதரம் புரட்டிப் பார்ப்பார். அந்த மழைக்காலத்தில் அவர் வருவதாக இருந்தது. ஸ்டோருக்குப் போகிற ரோட்டோரம் கொஞ்சம் லட்சணமாக இருக்கட்டும் என்று துரை சொன்னாராம். ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தேயிலை அரைக்கிற தொழிற்சாலை. துரை சொன்னது அவ்வளவுதான். சின்ன துரை அதை, ரோட்டோரம் கல் வைக்கலாம் என்றார். கிளாக்கர் அதை, ஆற்றிலிருந்து ஒரே அளவில் உருண்டைக் கல் எடுத்து, வெள்ளை அடித்து, இரண்டு பக்கமும் அடுக்க வேண்டும் என்று ஆக்கினார். அதோடும் விடவில்லை. ரோட்டில் சுண்ணாம்பு சொட்டக் கூடாதாம். அதனால் ஆற்றங்கரையிலேயே கல்லுக்கு வெள்ளை அடித்து, அப்புறம் லாரியில் ஏற்ற வேண்டுமாம்.

"ஐயா, ஈரச் சுண்ணாம்பு விரால் மாதிரி வழுக்கும். ரோட்டுல வச்சிட்டு அடிக்கலாங்க" என்றேன்.

"ரோட்டுல சொட்டினா நீ நக்கித் துடைப்பியா?"

"மழை பெஞ்சா தானா போயிருமே."

"நாளைக்கு வீயே துரை வாராரு. அவர்கிட்ட மழையக் காட்டவா? போடா."

என் அக்கா புருஷன் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை முட்டியளவுக்குத் தறிக்கிற அந்த வேலையில் அவர் கத்தி வேகத்துக்கு ஈடு கிடையாது. அன்றைக்கு அவரையும் இன்னும் சில ஆட்களையும் கத்தியைக் கீழே வைக்கச் சொல்லி ஆற்றுக்கு அனுப்பினார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மச்சான் முழங்கால் தண்ணீரில் நின்று கல்லுக்கு வெள்ளை பூசினார்.

"மாப்ளே, நம்ம லயத்துச் செவுத்துக்கு வெள்ளையடிச்சு எத்தன காலம் ஆச்சு? கல்லுக்குப் பாரு, ரெண்டு பூச்சு. அடுத்த பிறவியில கல்லாப் பொறக்கணும்டா."

"பொறந்தாலும் உங்கள யாரு உருண்டைன்னு எடுப்பா? ஆத்துலேயே விட்டுட்டுப் போயிருவாங்க."

"அதுவும் நல்லதுதான். குளிரும், ஆனா கிளாக்கர் கூப்பிட மாட்டான்."

கரையிலிருந்து லாரித் தட்டுக்கு ஒரு பலகை சாய்த்திருந்தோம். கல்லை அதில் உருட்டி ஏற்ற வேண்டும். மேலே இரண்டு பேர் இழுக்க, கீழே மச்சான் அலவாங்கை, அதாவது கடப்பாரையை, அண்டை கொடுத்துத் தள்ளினார். பலகை முழுக்கச் சுண்ணாம்புக் குழம்பு. பாதி லாரி நிறைந்திருந்தது. ஒரு பெரிய கல், பன்றி அளவு இருக்கும், பலகையின் நடுவில் நின்று ஒருதரம் திரும்பியது. மேலே இருந்தவன் கை வழுக்கியது. "விட்டுட்டு ஓடுங்க" என்று கத்தினேன். மச்சான் கால் வழுக்கிக் கீழே உட்கார்ந்தார். கல் அவருடைய இடது கால் மேல் இறங்கி, அடியிலிருந்த பாறையோடு சேர்த்து நசுக்கியது.

மனிதன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கவ்வாத்துக் கத்தி விரலை வெட்டியபோதுகூட ஒரு வார்த்தை பேசாதவர். அலவாங்கை விட்டு நெம்பிக் கல்லைப் புரட்டினோம். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. சுண்ணாம்பும் ரத்தமும் கலந்து ரோஸ் நிறத்தில் ஆற்றில் ஓடியது. என் தலைத்துண்டைக் கிழித்து, தொடையில் இறுக்கிக் கட்டி, கல் கிடந்த லாரியிலேயே முன்சீட்டில் அவரைப் படுக்கவைத்தேன். மற்றவர்கள் பின்தட்டில் ஏறிக்கொண்டார்கள்.

தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணும் செய்ய ஏலாது. பதுளைக்குக் கொண்டுபோ. ஆபீஸ்ல லாரிச் சீட்டு வாங்கிட்டுப் போ" என்றார். தோட்டத்தில் எதற்கும் கையகலச் சீட்டு ஒன்று வேண்டும். சீட்டு இல்லாமல் லாரி தோட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. லாரியை ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். மருந்துக்காரர் எழுதித் தராமல் நான் எப்படித் தருவது என்றார் கிளாக்கர். திரும்ப ஓடினேன். லாரி ஆபீசுடையது, முதலில் அவர் எழுதட்டும், நான் கீழே கையெழுத்துப் போடுகிறேன் என்றார் மருந்துக்காரர். அவருக்கும் பயம். மீண்டும் ஆபீசுக்கு வந்தபோது மச்சானின் சத்தம் நின்றிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொழுந்து மலையிலிருந்து அக்கா கூடையோடு ஓடிவந்து லாரியில் ஏறியிருந்தாள்.

"ஐயா, கால் போயிருச்சு. ஆள் போயிரும். சீட்டக் குடுங்க."

கிளாக்கர் தலையை நிமிர்த்தி ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார். "கல்ல இன்னும் இறக்கலியா?"

"ஐயா."

"கல்ல இறக்கி அடுக்கிட்டு லாரிய எடுத்துட்டுப் போ. அதுக்குள்ள அவன் ஒண்ணும் செத்துற மாட்டான்."

நான் மேசைக்கு மேலாகப் போய் அவருடைய கழுத்துப்பட்டியைப் பிடித்தேன். மைக்குப்பி உருண்டது. முதல் குத்து வாயில். என் முட்டி உடைந்தது அப்போதுதான், ஆனால் வலி தெரியவில்லை. இரண்டாவது மூக்கில், சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவரை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன். அத்தனை நாள் மனதுக்குள் இழுத்த மாதிரியேதான் வந்தார், அவ்வளவு லேசாக இருந்தார். விலாவில் உதைத்தேன். சின்ன கிளாக்கர்கள் நாற்காலியைத் தூக்கிக் கொண்டு நின்றார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை. ஆபீஸ் பியூன் மெதுவாகக் கதவைச் சாத்தினார், வெளிப்பக்கத்திலிருந்து. எனக்காகச் சாத்தினாரா அவருக்காகச் சாத்தினாரா என்று இன்றுவரை தெரியாது.

சாத்திய கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்து லாரியை எடுத்தேன்.

ஆபீசைத் தாண்டியதும் ஏற்றம். கல் பாரத்தில் லாரி முனகியது. பின்தட்டில் இருந்தவர்களிடம் தலையை வெளியே நீட்டிச் சொன்னேன், தள்ளுங்கடா என்று. ஓடுகிற லாரியிலிருந்து கல்லைத் தள்ளினார்கள். வெள்ளைக் கற்கள் ஆபீசை அடுத்து ஆட்கள் காலையில் கூடுகிற பெரட்டுக் களத்தோரம் விழுந்தன, ரோட்டில் விழுந்தன, தேயிலைச் செடிகளை முறித்துக்கொண்டு பள்ளத்தில் உருண்டன. ஒன்று போய் மதகுச் சுவரை இடித்தது. ஒவ்வொரு கல்லுக்கும் அவர்கள் கிளாக்கரின் வம்சத்தில் ஒருவரைத் திட்டினார்கள். மச்சானுக்கு மறுபடி நினைவு வந்தது. கத்தாமலிருக்க அக்காவின் கூடைக் கயிற்றைப் பல்லில் கடித்தார். கயிறு நார்நாராகப் பிரிந்தது. பசறைக்குக் கிட்டே ஒரு பஸ்காரன் வழிவிடாமல் நின்றான். அவன் பஸ்ஸின் விலாவை நீளத்துக்கு உரசிக்கொண்டு போனேன். அவன் திட்டியது பாதிதான் காதில் விழுந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே போலீஸ் என்னைப் பிடித்தது. லாரியைத் திருடினேன், ஆளை அடித்தேன். ஒரு ஸ்டேஷனில் என்னைக் குப்புறப் போட்டு உள்ளங்காலில் தடியால் அடித்தார்கள். அடி வாங்கவும் எனக்குத் தெரியும். உடைந்த முட்டியின் மேல் ஒருவன் பூட்சை வைத்து நின்றபோது மட்டும் அவன் கெண்டைக்காலைக் கடித்தேன். அதற்கும் சேர்த்து வாங்கினேன்.

எங்கள் தொழிற்சங்கத் தலைவர் வந்து பேசி என்னை வெளியே எடுத்தார். வீயே துரை சொன்னபடி வந்தாராம். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு நேரே ஸ்டோருக்குப் போய், தேயிலைச் சாயத்தை உறிஞ்சித் துப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்காமலே திரும்பிப் போனாராம். ரோட்டை அவர் பார்க்கவே இல்லை.

பெரிய துரை என்னைப் பங்களா வாசலில் நிற்கவைத்துச் சொன்னார். "நீ பெரட்டுல எல்லார் முன்னாலயும் கிளாக்கர்கிட்ட மன்னிப்புக் கேக்க வேணும். கேட்டா, கேஸ் இல்ல. உன் மச்சானுக்கு லேசு வேலை, காம்பராவும் இருக்கும். கேக்காட்டி ரெண்டு பேருக்கும் பேர் வெட்டு."

பெயரை வெட்டினால் வேலையோடு, லயம் என்கிற வரிசை வீட்டில் கொடுத்திருக்கிற ஒற்றையறைக் காம்பராவையும் விட்டு இறங்க வேண்டும். எனக்கு ஒரு சாக்கில் என் துணி. அக்காவுக்கு ஒற்றைக்கால் புருஷனும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மச்சானிடம் போய்ச் சொன்னேன்.

"கேக்காத. கேட்டேன்னா மிச்சமிருக்கிற காலால ஒதைப்பேன்."

"அதைத் தூக்கினா எதுல நிப்பீங்க? விழுந்துருவீங்க."

"உன் மேலேயே விழுறேன்."

அக்கா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்களா? பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் எந்த மலையில போய்ப் படுக்குறது? தம்பி, நீ கேட்டுட்டு வா. வாய் வார்த்தைதானே, தேஞ்சா போயிரும்?"

அக்கா சொன்னால் நான் தட்ட மாட்டேன். மறுநாள் காலை பெரட்டுக்குப் போனேன். வேலைக்குப் போகுமுன் ஆட்கள் வரிசையாக நின்று பெயர் கொடுக்கிற இடம் அது. பனி இறங்கியிருந்தது. பெண்கள் முதுகில் கூடையோடு, ஆண்கள் கத்தியும் மண் கிளறுகிற முள்ளும் தோளில் வைத்து. அக்காவும் வரிசையில் நின்றாள். கிளாக்கர் மூக்கில் பிளாஸ்திரியோடு வந்திருந்தார். துரை மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார்.

"ஐயா, கை நீட்டினது தப்பு. மன்னிச்சிருங்க" என்றேன். எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகவே சொன்னேன். அரைகுறையாக ஒரு காரியம் எனக்குச் செய்ய வராது.

கிளாக்கர் பல் போன வாயால் பேசினார். "இது வாய் வார்த்தை. நீ ரோட்டுல தள்ளின கல்லு அத்தனையையும் பொறுக்கிக் கொண்டாந்து, வெள்ளை அடிச்சு, ரெண்டு பக்கமும் அடுக்கு. அடுக்கிட்டு வந்து இன்னொரு தடவ கேளு."

"வீயே துரைதான் வந்து போயிட்டாரே ஐயா. யாரு பாக்க?"

"நான் பாக்க."

துரையைப் பார்த்தேன். அவர் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

களத்தோரத்தில் அன்றைக்கு விழுந்த கல் ஒன்று கிடந்தது. தூக்கினேன். கல்லை அடுக்கப் போகிறேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், கிளாக்கரும் நினைத்தார், சிரிக்கக்கூட ஆரம்பித்தார். நான் ஆபீஸ் படியேறி, தலைக்கு மேல் தூக்கி, ஜன்னல் வழியாக அவருடைய மேசையில் போட்டேன். கண்ணாடி, சட்டம், மேசை எல்லாம் ஒரே சத்தமாக உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தபோது கிளாக்கர் கணக்கப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

கங்காணி பெண்களைப் பார்த்து, மலைக்கு நடங்க என்றார். அக்கா கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அடிக்கிற மாதிரி. ஆனால் கூடையை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவள் வைத்தாள். அப்புறம் வரிசை முழுவதும். ஆண்கள் கத்திகளைக் களத்தில் போட்டார்கள்.

அந்த வாரம் சும்மா போகவில்லை. கிளாக்கருக்கு வேண்டியவர்கள் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து லயத்துக்குள் விட்டார்கள். பானைகளை உடைத்தார்கள், ஒரு கிழவரின் மண்டையைப் பிளந்தார்கள். நாங்கள் கவ்வாத்துக் கத்தியின் முதுகுப்பக்கத்தால் பதில் சொன்னோம். ஒருவனுடைய முன்கையை நானே ஒடித்தேன், கோடிக் காம்பரா வாசலில், அவன் அக்காவின் அடுப்பை உதைத்த பிறகு. மலையில் பறிக்க ஆளில்லாமல் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. கொழுந்து முற்றினால் துரைக்கும் கம்பெனிக்கும் காசு கரைகிறது. துரை தலைவரைக் கூப்பிட்டுப் பேசினார்.

தலைவர் வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உன் பேர வெட்டினாத்தான் கேஸும் போகும், உன் மச்சான் பேரும் நிக்கும்னு சொல்றாங்கப்பா."

"வெட்டச் சொல்லுங்க. மச்சானுக்குக் காம்பராவும் லேசு வேலையும் துரை வாயால வரணும், எல்லார் முன்னாலயும்."

வந்தது. நான் சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினேன். வெலிமடையில் ஒரு முதலாளியின் லாரிக்கு டிரைவர் தேடிக்கொண்டிருந்தார்கள். மிச்சத்தை இந்த மாடி வீடு சொல்லும்.

அடுத்த மழைக்காலத்தில் உருளைக்கிழங்கு லாரியோடு அந்தப் பக்கம் போனேன். ஸ்டோர் ரோட்டில் புதிதாக இரும்புக் கேட்டு ஒன்று போட்டிருந்தார்கள். இரண்டு தூண், நடுவில் கேட்டு. இரண்டு பக்கமும் வேலி கிடையாது, வெறும் புல். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் மச்சான் கக்கத்துக் கட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"இதுதான் மச்சான் லேசு வேலையா?"

"ஆமாடா. கார் வந்தா தொறக்கணும், போனா சாத்தணும். மாடெல்லாம் பக்கத்தால போகுது. அதுக்கு நான் பொறுப்பில்லையாம்."

"வேலி போடலியா?"

"கேட்டுதான் போடச் சொன்னாராம் துரை. வேலியச் சொல்லலியாம். எல்லாரும் கேட்டு வழியாத்தான் உள்ள போகணும்னு கிளாக்கர் தன் கையாலேயே சட்டம் எழுதி ஒட்டியிருக்கான் பாரு."

லாரியை ஓரத்தில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. கீழேயிருந்து பெரிய கிளாக்கர் குடையில்லாமல் ஓடிவந்தார், தூணுக்குப் பக்கத்துப் புல்லில் கால்வைத்து அப்படியே உள்ளே போய்விட்டார்.

"ஐயா" என்று கூப்பிட்டார் மச்சான், நல்ல மரியாதையாக. "கேட்டு வழியா வாங்க ஐயா. சட்டம்."

கிளாக்கர் நின்றார். என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். புல்லில் திரும்ப நடந்து வெளியே வந்து, கேட்டுக்கு முன்னால் நின்றார்.

மச்சான் கக்கத்துக் கட்டையைத் தேடி எடுத்தார். அதன் நுனியைத் துடைத்தார். எழுந்தார். கொட்டகைக்கும் கேட்டுக்கும் இடையில் நாலு எட்டு இருக்கும். நான் பீடி பற்றவைத்தேன். மழை கிளாக்கரின் வழுக்கையில் விழுந்து கழுத்துப்பட்டியில் இறங்கியது. மச்சான் பாதி வழியில் நின்று, கேட்டுப் பூட்டின் சாவியை எந்தப் பையில் வைத்தேன் என்று யோசித்தார்.